இரண்டு பேர் வீட்டுக்கு எந்த ஹாட் டப்?

கேள்வி, ஜனவரி 8

ஹாட் டப், அதாவது சூடான தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் தொட்டி, வாங்க நினைக்கிறோம். வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா அவ்வப்போது வந்து தங்குவார், அவருக்கு மூட்டுவலி. வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆறு பேர் உட்காரும் தொட்டி, நாற்பது ஜெட் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் துளை) என்று ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிது தேவையா? காற்றடித்து உப்ப வைக்கும் தொட்டியே போதுமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜனவரி 9, காலை

ஆறு பேர் தொட்டி வேண்டாம். இரண்டு பேருக்கு இரண்டு பேர் தொட்டி வாங்குங்கள்.

நாங்கள் ஐந்து வருடமாக வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வருடம் காற்றடிக்கும் தொட்டி, அப்புறம் அக்ரிலிக் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த தொட்டி. வீட்டில் நான், கணவர், அத்தை. தினமும் இறங்குவது நாங்கள் இருவர். அத்தை வாரத்தில் மூன்று நாள் இறங்குவார். நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜெட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பம்ப் ஒன்றேதான், தள்ளும் தண்ணீரும் அதேதான். இருபது துளையில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் வேகம் இருக்கும், நாற்பதில் பிரிந்தால் குறுகுறுக்கும், அவ்வளவுதான். எங்கள் தொட்டியில் தோள்பட்டைக்குக் கீழே சரியாக விழும் இரண்டு ஜெட்டுக்காக மட்டும் நானும் அவரும் இடம் மாறி மாறி உட்காருகிறோம். மற்றவை ஓடுகின்றனவா என்றே கவனிப்பதில்லை.

ஜனவரி 9, இரவு

எடையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 750 கிலோ. வீட்டு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை சுமை வரும் என்ற கணக்கில்தான் கட்டப்படுகிறது. உங்களுடையது தரை என்பதால் பிரச்சினை இல்லை. மாடியிலோ பால்கனியிலோ வைக்க நினைத்து இதைப் படிக்கிறவர்கள் முதலில் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், தொட்டியைப் பிறகு பார்க்கலாம்.

தரை என்றாலும் சமமான கான்கிரீட் தளம் வேண்டும். ஒரு மூலை இறங்கினால் தொட்டியின் உடம்பு முறுக்கிக்கொள்ளும்.

ஜனவரி 10

அப்புறம் வழி. தொட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவர மாட்டார்கள், பக்கவாட்டில் நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வருவார்கள். அதாவது தொட்டியின் உயரம்தான் வழியில் அகலமாகிறது, அதன் அகலம் உயரமாகிறது. கேட், சந்து, தாழ்ந்த சன்ஷேடு எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டி மாற்றும் வரை இரண்டு நாள் தொட்டி வாசலில் நின்றது.

ஜனவரி 14

காற்றடிக்கும் தொட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

மோசம் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே தினமும் இறங்குவோமா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. தளம், தனி வயரிங் எதிலும் பெரிய வேலை கிடையாது. ஆனால் சுவர் வழியாகவும் அடிப்பக்கம் வழியாகவும் சூடு போய்க்கொண்டே இருக்கும். அடியில் கெட்டியான ஃபோம் பாய் போட்ட பிறகுதான் எங்களுக்குக் கொஞ்சம் நின்றது. குமிழியை ஓட விட்டால் வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றைத்தான் இழுத்து உள்ளே ஊதும். எங்களுடையதில் குமிழி ஓடும்போது ஹீட்டர் நின்றுவிடும் வேறு. அரை மணி நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகி, குளிரடித்து எழுந்து வந்த மாலைகள் நிறைய.

சூடேற்றும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். 15 டிகிரித் தண்ணீரை 38-க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 27 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டர் என்றால் 9 மணி நேரம், 1.5 கிலோவாட் என்றால் 18 மணி நேரம். ஏறும்போதே வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காமல் இது. இன்று மாலை இறங்கலாமா என்று இன்று மதியம் முடிவு செய்ய முடியாது. இந்தத் தொட்டி எப்போதும் சூடாகவே இருக்க வேண்டிய பொருள், இதை வாங்குவதற்கு முன் எனக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை.

ஜனவரி 15

மேலே இருப்பதோடு சேர்த்துப் படிக்கவும்: அப்படி எப்போதும் சூடாக இருப்பதால், அதிகம் பார்க்க வேண்டியது மூடியை.

சூடு பெரும்பாலும் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் போகிறது, அதிலும் ஆவியாகிப் போவதுதான் அதிகம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை அது எடுத்துக்கொண்டு போகிறது. கடையில் தொட்டியின் விளக்கையும் அருவியையும் காட்டுவார்கள். நீங்கள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து மழைநீர் வழிந்தோடும்படி இருக்கிறதா, மடிப்பில் இடைவெளி இல்லாமல் ஃபோம் பட்டை ஓடுகிறதா, உள்ளே இருக்கும் தெர்மகோலைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கெட்டியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த உறை கிழிந்தால் நீராவி உள்ளே போய்த் தெர்மகோல் ஊறிவிடும். ஊறிய மூடி சூட்டைத் தடுக்காது. தனி ஆளாகத் தூக்கவும் முடியாது.

தூக்க முடியாத மூடி என்றால் நீங்கள் தினமும் இறங்க மாட்டீர்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் முதல் மூடி ஊறிப்போன நாலு மாதம், கணவர் வெளியூரில் இருந்த நாட்களில் நான் தொட்டிப் பக்கமே போகவில்லை. பிறகு மூடியைத் தள்ளி நிறுத்தும் கை ஒன்று பொருத்தினோம். இரண்டு பேர் வீட்டில் பாதி நேரம் ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவரால் திறந்து மூட முடிய வேண்டும்.

பிப்ரவரி 2

காலித் தொட்டியில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் இருக்கும் தொட்டியில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். உடம்பு மிதக்கும். காலியாக இருக்கும்போது இடுப்பைத் தாங்கிப் பிடிக்கிற சாய்வு இருக்கை, தண்ணீர் நிரம்பியதும் உங்களை மேலே தள்ளும். நான் ஐந்தடி ஒன்று. கால் எதிர்ச்சுவரில் எட்டினால்தான் சாய்வு இருக்கையில் நிலையாகக் கிடக்க முடியும், எனக்கு எட்டவில்லை. அந்த இருக்கை இரண்டு பேர் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

நாங்கள் குளிக்கும் உடையோடு போய் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். இரண்டு கடைகளில் ஆச்சரியமாகப் பார்த்தார்கள், மூன்றாவது கடையில் துண்டு கொடுத்தார்கள்.

மார்ச் 3

ஜனவரி 9 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். ஒரு மாதமாக இது உறுத்திக்கொண்டிருக்கிறது.

‘இரண்டு பேருக்கு இரண்டு பேர் தொட்டி’ என்று அடித்துச் சொன்னேன். இடம், மின்சாரம் இரண்டையும் மட்டும் பார்த்தால் அது சரி. தண்ணீரைப் பார்த்தால் சரியில்லை. இரண்டு பேர் உடம்பிலிருந்து வரும் வியர்வை, எண்ணெய், சோப்பு எல்லாம் 700 லிட்டரில் கலப்பது வேறு, 1200 லிட்டரில் கலப்பது வேறு. சின்னத் தொட்டியில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் சட்டென்று தீர்ந்துவிடும், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஒரு நாளில் ஏறி இறங்கும்.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். லிட்டரை 11-ஆல் வகுத்து, வருவதை ஒரு நாளைக்கு இறங்குகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், கிடைப்பது நாட்கள். 700 லிட்டரில் தினமும் இருவர் என்றால் ஒரு மாதம். 1200 லிட்டர் என்றால் ஏழு, எட்டு வாரம். 

ஆகவே இப்போது என் பதில்: சாய்வு இருக்கை இல்லாத மூன்று அல்லது நான்கு பேர் தொட்டி. கால் நீட்ட இடம் கிடைக்கும், அம்மா வந்தால் அவருக்கும் இடம் இருக்கும், தண்ணீரும் கொஞ்சம் நிதானமாக இருக்கும். ஆறு பேர் தொட்டி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

மார்ச் 3, பின்குறிப்பு

எங்களுடையது சுமார் 1000 லிட்டர். அதனால் பக்கச்சார்பு இருக்கலாம்.

மார்ச் 19

ஜக்குஸியும் ஹாட் டப்பும் ஒன்றா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஜக்குஸி என்பது ஒரு குடும்பப் பெயர், பிறகு நிறுவனத்தின் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சகோதரர்கள் 1915-ல் தொடங்கியது. முதலில் விமானத்துக்கு உந்துவிசிறி செய்தார்கள், பிறகு தண்ணீர் பம்ப். சகோதரர்களில் ஒருவரான கேண்டிடோ ஜக்குஸியின் மகனுக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் கிடைத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலும் கொடுப்பதற்காக, சாதாரணக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் பம்ப் ஒன்றைச் செய்தார்கள். ஜெட்டைத் தொட்டியிலேயே பொருத்தி விற்றது 1968-ல், ராய் ஜக்குஸி.

இந்தக் கதை எனக்குப் பிடிக்கும், எங்கள் வீட்டிலும் ஒரு மூட்டுவலிக்காகத்தான் இந்தப் பேச்சே தொடங்கியது. ஆனால் வாங்குகிறவருக்கு முக்கியமான வித்தியாசம் வேறு. குளியலறையில் இருக்கும் ஜெட் தொட்டியில் ஒவ்வொரு முறையும் தண்ணீரை நிரப்பித் திறந்துவிடுகிறீர்கள். ஹாட் டப்பில் அதே தண்ணீர் வாரக்கணக்கில் 38 டிகிரியில் நிற்கிறது. மூடி, ஃபில்டர், குளோரின் போன்ற மருந்து, மின்சாரம் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன. இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு, மூன்று நாள் பத்து நிமிடம் ஒதுக்க முடியாது என்றால் குளியலறையில் ஆழமான தொட்டி ஒன்றே உங்களுக்குப் போதும். மனதாரச் சொல்கிறேன்.

ஏப்ரல் 6

அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் விட்ட கதை.

இரண்டாவது வருடம். ஒரு கல்யாண அலைச்சல், நான்கு நாள் யாரும் தண்ணீரைச் சோதிக்கவில்லை. திரும்பி வந்த களைப்பில் அப்படியே இறங்கினோம். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் கணவருக்கு இடுப்பிலும் தொடையிலும், நீச்சல் உடை ஒட்டியிருந்த இடமெல்லாம், சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். மருத்துவர் பார்த்ததுமே “ஹாட் டப் இருக்கிறதா?” என்று கேட்டார். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, மயிர்க்கால்களில் இறங்கி வரும் தொற்று. ஒரு வாரத்தில் தானாகவே போய்விட்டது. அத்தை அன்று இறங்கியிருந்தால் என்ற நினைப்புதான் எனக்குப் போகவில்லை.

அன்று முதல் இறங்கும் முன் சோதனைப் பட்டையை நனைக்காமல் மூடியை முழுதாகத் திறப்பதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவு: குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு), அதற்குப் பதில் புரோமின் போட்டால் 4 முதல் 8, பிஎச் 7.0 முதல் 7.8. 

ஏப்ரல் 7

இதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்கு அல்ல. 1999-ல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. அங்கே காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பரவி 32 பேர் இறந்தார்கள். அவர்கள் தொட்டிக்குள் இறங்கியவர்கள் அல்லர், அந்த வழியே நடந்து போனவர்கள். ஜெட் ஓடும்போது எழும் நுண்திவலையைச் சுவாசித்தாலே போதும். அந்த பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு 20 முதல் 45 டிகிரி, நமக்குப் பிடித்த 38 அதற்கு நடுவில் இருக்கிறது. மருந்து சரியான அளவில் இருக்கும் தண்ணீரில் அது பெருகுவது கடினம். வயதானவர் இறங்குகிற வீட்டில் இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் கூடாது.

ஏப்ரல் 21

சின்னச் சின்ன விஷயங்கள்.

குளோரின் வாடை பலமாக அடித்தால் மருந்து அதிகம் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் மருந்து போதாமல், அழுக்கோடு சேர்ந்துபோன குளோரின் தரும் வாடை அது.

நுரை வந்தால் நீச்சல் உடையைச் சந்தேகப்படுங்கள். சோப்புத்தூள் மிச்சம். இரண்டு தரம் வெறும் தண்ணீரில் அலசினால் போதும். இறங்கும் முன் நீங்களும் ஒரு தரம் உடம்பை அலசிக்கொண்டால் மருந்துச் செலவு கண்கூடாகக் குறையும்.

தண்ணீரைத் திறந்துவிடும் முன் குழாய் சுத்தம் செய்யும் மருந்தை ஊற்றி ஜெட்டை ஓடவிடுங்கள். முதல் தரம் நான் பார்த்த பழுப்புப் படலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தொட்டி பளபளவென்று இருக்கும், குழாய்க்குள் பாசி மாதிரிப் படிந்திருக்கும்.

குளோரின் தூளில் டைகுளோர் வகை கரைய எளிது, ஆனால் அதோடு சயனூரிக் அமிலமும் உள்ளே போகிறது. 10 பிபிஎம் குளோரினுக்கு 9 பிபிஎம் அளவில் அது சேரும், ஆவியாகாது, கரைந்தே கிடக்கும். அதிகமானால் குளோரின் இருந்தும் வேகமாக வேலை செய்யாது. தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து.

ஜூன் 11

இன்னொரு திருத்தம். இதை நான் இங்கே எழுதவில்லை, ஆனால் நேரில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்: “எப்போதும் ஒரே சூட்டில் வைப்பதுதான் சிக்கனம், குறைத்துத் திரும்ப ஏற்றினால் அதிகம் செலவாகும்.” தவறு. வெளியே போகும் சூடு, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் ஆறியிருக்கும் நேரமெல்லாம் குறைவாகத்தான் போகிறது. தனி மீட்டர் வைத்து, ஊருக்குப் போன வாரத்தையும் வீட்டில் இருந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். குறைத்து வைத்த வாரத்தில், திரும்ப ஏற்றியதையும் சேர்த்து, யூனிட் குறைவு.

ஒரு நாள் இரண்டு நாளுக்கு நல்ல மூடி இருந்தால் வித்தியாசம் தெரியாத அளவு சிறியது, அதற்காக மெனக்கெட வேண்டாம். வாரக்கணக்கில் போனால் குறையுங்கள். ஃபில்டர் ஓட்டத்தையும் மருந்தையும் மட்டும் நிறுத்தக் கூடாது. ஏன் என்பது ஏப்ரல் 7-ல் இருக்கிறது.

ஆகஸ்ட் 2

மின்சாரம். அக்ரிலிக் தொட்டிக்குத் தனி லைன், பூமிக்கசிவைக் கண்டு வெட்டிவிடும் ஆர்சிசிபி, தொட்டியில் இருக்கிறவர் கைக்கு எட்டாத, ஆனால் பார்வையில் படும் இடத்தில் சுவிட்ச். எங்களுக்கு முதலில் வயரிங் செய்தவர் ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்துவிட்டு இணைப்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து இன்னொரு எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வந்து பார்த்துவிட்டு, அன்றே தொட்டியை நிறுத்தச் சொன்னார். ஹீட்டர் சுருளில் கசிவு இருந்தது, அதனால்தான் அது விழுந்திருக்கிறது. ஆறு மாதம் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறோம். விழுகிற பிரேக்கர் ஏதோ சொல்கிறது, அதைத் தாண்டிப் போக யாரையும் விடாதீர்கள்.

நான்கு பக்கமும் ஓர் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் விடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் கசிவு அந்தச் சுவர்ப் பக்கம்தான் வரும் என்று அந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

செப்டம்பர் 15

அம்மா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் இதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்.

உள்ளே இருப்பதைவிட ஏறி இறங்குவதுதான் கஷ்டம். தொட்டி விளிம்பு 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். அத்தை இறங்கும் முறை இது: இரண்டு படி ஏறி, கைப்பிடியைப் பிடித்து, விளிம்பில் உட்கார்ந்து, திரும்பி, ஒவ்வொரு காலாக உள்ளே விடுவார். உள்ளே கால் வைக்க உயரமான இருக்கை ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் தொட்டியைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஒரு இருக்கைக்காகத்தான். கைப்பிடி தொட்டியோடு வரவில்லை, தனியாகத் தரையில் பதித்தோம்.

சூடு 37 போதும். 40-க்கு மேல் எந்தத் தொட்டியும் போகக் கூடாது என்பது பொது வரம்பு, வயதானவருக்கு அதுவே அதிகம். 15 நிமிடத்தில் எழச் சொல்லுங்கள். எழும்போது தலை சுற்றும், சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும். அதனால் முதலில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, இதய நோய், சர்க்கரை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு இறங்கட்டும். கர்ப்பிணிகளும் அப்படியே. மது குடித்துவிட்டு யாரும் வேண்டாம். தனியாக விடவும் வேண்டாம், அத்தை இறங்கும் நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன்.

பலன் இருக்கிறதா என்றால், மூட்டு தேய்ந்தது திரும்ப வளராது. ஆனால் இறங்கிய நாளில் அத்தை இரவில் எழுந்து நடக்கும் சத்தம் கேட்பதில்லை. படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் பத்து நிமிடம் சூடான தண்ணீரில் இருந்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. அதனால் நாங்கள் எட்டு மணிக்கு முடித்துவிடுகிறோம்.

செப்டம்பர் 16

குழந்தைகள் வந்து போகிற வீடு என்றால் பூட்டு உள்ள மூடி. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை இறக்கவே வேண்டாம். நீளமான கூந்தலை மேலே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரை உறிஞ்சும் துளையின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் தொட்டியை ஓடவிடாதீர்கள். 2002-ல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி இப்படி உறிஞ்சு துளையில் மாட்டி இறந்த பிறகுதான் அங்கே 2007-ல் அதற்கென்றே சட்டம் வந்தது. வாங்கும்போது, உறிஞ்சு துளை ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்று குனிந்து எண்ணிப் பாருங்கள்.

நவம்பர் 20

நான்கு பேர் தொட்டி வந்து இறங்கிவிட்டது என்று படித்தேன், மகிழ்ச்சி. சாய்வு இருக்கை இல்லாததை எடுத்ததற்கு இன்னும் மகிழ்ச்சி.

ஒரே ஒரு வேலை, இன்றே செய்யுங்கள். மூடியின் நீளம், அகலம், மடிப்பிலிருந்து ஓரம் வரை உள்ள தூரம், மூலையின் வளைவு எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். சில வருடத்தில் புது மூடி வாங்க வேண்டியிருக்கும், அப்போது பழையது ஊறி உப்பி உருமாறியிருக்கும். நான் அந்த உப்பிய மூடியை அளந்துதான் ஆர்டர் கொடுத்தேன். வந்த மூடி மூலைகளில் இரண்டு விரல் தூக்கிக்கொண்டு நின்றது, ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நான்கு மூலையிலும் ஆவி போய்க்கொண்டிருந்தது.